அடுத்த டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம், அவருக்கு

சகோதரி, 29 வயது, கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை, கருக்குழாய் எக்ஸ்ரே வரை எல்லாம் நார்மல், ஆனால் ஆம்பூரில் பிரியாணி மாஸ்டராக இருக்கும் கணவர் டெஸ்ட்டுக்கு வர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக எந்த ஊசியும் போட்டுக்கொள்ளும் முன் அவருக்கு விந்துப் பரிசோதனை நடக்க வேண்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. உங்களை மட்டும் அலையவிட்டது நியாயமே இல்லை.

2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருந்துவிட்டு, லேப் தரும் டப்பாவில்தான் கொடுக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் பிடித்தால் அணுக்கள் செத்துவிடும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து வேலூர் பஸ்ஸை நம்பாதீர்கள், லேபிலேயே கொடுக்கட்டும். விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 1.6 கோடிக்குக் கீழே வந்தால் பயப்படாமல் மறுபடி எடுங்கள், ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யமாட்டார்கள்.

விறகடுப்புச் சூட்டில் நாள் முழுக்க நிற்பதை டாக்டரிடம் அவரே சொல்லட்டும். சூடு விந்தணுவைக் குறைக்கும். சூட்டைக் குறைத்தாலும் மாற்றம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் குழந்தையின்மைக்கென்றே தனிப் பிரிவு உண்டு, இருவருமாகப் போங்கள். அப்புறம், இந்தப் பேச்சை மாமியார் வழியாக எடுக்காதீர்கள். டாக்டர் சொன்னால் கேட்பார்.