கோவை சீட்டா, காரைக்குடி சீட்டா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகனுக்குக் கலந்தாய்வில் காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் கிடைத்திருக்கிறது. அவனோ கோவையில் ஒரு தனியார் கல்லூரியில், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நிற்கிறான். விடுதியோடு வருஷத்துக்கு 2 லட்சம். வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி. வருமானம் 4 லட்சத்துக்குள். கல்விக்கடன் வாங்கவா, நகையை விற்கவா?"

நகையைத் தொடாதீர்கள் அம்மா. கடனையும் வட்டிக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நம் செட்டிநாட்டுக்காரர்களுக்கு அது கைவந்த வேலைதானே.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 4 வருஷமும் அதற்குப் பின் 1 வருஷமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் வாங்கும் 2 லட்சத்துக்கு 5 வருஷ வட்டி 1 லட்சம். அடுத்தடுத்த தொகைகளுக்கு 80,000, 60,000, 40,000. ஆக, தவணை தொடங்கும்போது 8 லட்சம் 10.80 லட்சமாகியிருக்கும். 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 14,300 ரூபாய். 25,000 சம்பளத்தில் சேரும் பையன் வெளியூரில் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக இதை எப்படிக் கட்டுவான்? கட்டத் தவறினால் வங்கி உங்களிடம்தான் வரும். கூட்டுக் கடனாளியாக நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்துப் பத்திரம் கேட்கும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் எத்தனை பங்காளிகள்! அத்தனை பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பத்திரம் செல்லும்.

மேனேஜ்மென்ட் சீட்டில் வேறு நஷ்டமும் உண்டு. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கலந்தாய்வு சீட்டுக்குத்தான். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டமும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பொருந்தாது.

காரைக்குடிக் கல்லூரி 1952-ல் தொடங்கியது. அரசுக் கட்டணம். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், விடுதிச் செலவே இல்லை. பையன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். எலெக்ட்ரிக்கல் படித்துக்கொண்டே புரோகிராமிங் கற்று மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் அவன் ஆசையைத் தட்டிக் கழிக்காதீர்கள். கோவைக் கல்லூரிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதிகபட்சச் சம்பளத்தை அவர்களே பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அது வேண்டாம். போன வருஷம் அந்த வகுப்பில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பள வரிசையில் நடுவில் இருக்கும் மாணவனுக்கு என்ன சம்பளம் என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். அப்படியும் கோவைதான் என்றால், தவணை தொடங்கும்வரை வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். முதல் வருஷம் சுமார் 1,670 ரூபாய், நான்காம் வருஷம் 6,670. பின்னால் வரும் தவணை சுமார் 10,600 ஆகக் குறையும்.

கலந்தாய்வு சீட்டை உறுதி செய்யும் கடைசி நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.