பிளஸ்ஸா, மைனஸா?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் தப்பில்லாமல் போடுகிறாள். கதை மாதிரி வரும் வாழ்க்கைக் கணக்கு வந்தால் மட்டும், "அம்மா, இது பிளஸ்ஸா மைனஸா?" என்று என் முகத்தைப் பார்க்கிறாள். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று எழுதி ஒட்டியும் பலன் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். கோபிக்காதீர்கள், அதே பட்டியலைப் பெரிய அட்டையில் எழுதி வகுப்பில் தொங்கவிட்டவள்தான் நானும். 'அக்காவிடம் 12 பென்சில்கள் உள்ளன. அது தம்பியிடம் இருப்பதைவிட 5 அதிகம். தம்பியிடம் எத்தனை?' என்று கொடுத்தேன். ஒரு பையன் 17 என்று எழுதினான். ஏன் என்றால் அட்டையைக் காட்டுகிறான்: "அதிகம்னா கூட்டல்னு நீங்கதானே டீச்சர் எழுதியிருக்கீங்க?"

அவன் 'அதிக'த்தைப் பிடித்துக்கொண்டான், 'விட'வை விட்டுவிட்டான். யாரைவிட யாரிடம் அதிகம்? அக்காவுக்கு ஒரு நீளக் கோடு, அதன் கீழே தம்பிக்கு ஒரு குட்டைக் கோடு போடச் சொன்னேன். நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் 5 என்று எழுதும்போதே, "ஐயோ, 7!" என்றான். அன்றே அட்டையைக் கழற்றினேன்.

'மீதி'யும் இப்படித்தான் காலை வாரும். '4 கோலிகளைக் கொடுத்ததுபோக மீதி 9. முதலில் எத்தனை இருந்தன?' கூட்டித்தான் ஆக வேண்டும்.

குழந்தைகள் கதையைப் படிப்பதில்லை, எண்களைப் பொறுக்குகிறார்கள். 1980-ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரில், 'கப்பலில் 26 செம்மறியாடுகள், 10 வெள்ளாடுகள். கப்பல் தலைவனின் வயது என்ன?' என்று சிறு வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஏதோ கணக்குப் போட்டு வயதைச் சொல்லிவிட்டார்கள்! உங்கள் மகளாவது பிளஸ்ஸா மைனஸா என்று நிறுத்திக் கேட்கிறாள்.

அதனால் கணக்கைப் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். எண்ணே இல்லாமல் கதையைச் சொல்லட்டும்: யாரிடம் இருந்தது, வந்ததா போனதா, எது தெரியவில்லை? அப்புறம் கோடு. எண்கள் கடைசியில். பெருக்கல், வகுத்தலுக்கும் இதே வழிதான். கோட்டுக்குப் பதில் வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் சமமாகப் புள்ளி வைக்கட்டும்.

மறுபடி "பிளஸ்ஸா மைனஸா?" என்று கேட்டால், "யாருக்கு நீளக் கோடு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் சிரமம், எனக்கும்.