ஓய்வில் இதயத்துடிப்பு 49 என்று காட்டினால் பயப்பட வேண்டுமா?

உங்களுக்கு 38 வயது, புதிதாக வாங்கிய கைக்கடிகாரம் ஓய்வில் 49 என்றும் நித்திரையில் 44 என்றும் காட்டுகிறது, உடம்பில் வேறு குறை இல்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் வைத்தியர் அல்லன். குறைந்த துடிப்புள்ள இருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறோம், அவ்வளவுதான். என்னுடையது 47. இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவுடையது 41. என்னை ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) எடுத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவை அன்றே வைத்தியசாலை விடுதியில் மறித்துவிட்டார்கள்.

வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பதுதான் பொதுவான கணக்கு. நான் பல வருடங்களாகக் காலையில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் சைக்கிள் ஓடுகிறவன். சோளகக் காற்றை எதிர்த்து மிதித்துப் பழகிய இதயம் ஒரு துடிப்பிலேயே கூடுதலான இரத்தத்தை வெளியேற்றிவிடும். அதனால் அடிக்கடி துடிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. நித்திரையில் நாற்பதுகளுக்கு இறங்குவதும் பலருக்கு வழமையே. என்னைப் பார்த்த வைத்தியர் முதலில் கேட்டது, "படி ஏறினால் துடிப்பு கூடுகிறதா?" என்பதைத்தான். ஏறிக் காட்டினேன், 110ஐத் தாண்டியது. தேவைப்படும்போது வேகமெடுக்கும் இதயம் என்பது அவருக்கு நல்ல அடையாளமாகப் பட்டது.

அப்பாவின் கதை வேறு. அவருக்கு அப்போது 71 வயது. வெங்காயத் தோட்டத்தில் காலம் முழுவதும் நின்ற மனிதர், கோயில் வீதியை ஒரு முறை சுற்றிவர முடியாமல் இடையில் குந்தினார். எழும்பினால் தலைச்சுற்று. "வயது போனால் இப்படித்தானே" என்றார் அம்மா, நாங்களும் நம்பினோம். அந்த மூன்று வாரங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஒரு நாள் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன்: 41. ஒரு நிமிடம் விட்டு எண்ணினேன், அதே 41.

வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், தைரொயிட்டுக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தம் எடுத்தார்கள். தைரொயிட் குறைந்தாலும் பொட்டாசியம் கூடினாலும் துடிப்பு மந்தமாகும். இரண்டும் சரியாக இருந்தன. பிரஷருக்கு அப்பா அட்டனலோல் குளிசை எடுத்துவந்தார். அது துடிப்பைக் குறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓர் இளம் வைத்தியர்தான், "கண்ணுக்கு ஏதும் விடுகிறவரா?" என்று கேட்டார். விடுகிறார். கண் அழுத்தத்துக்கு டிமோலோல், காலையும் மாலையும். அதுவும் அட்டனலோலின் இனத்தைச் சேர்ந்த மருந்துதான். கண்ணில் விட்ட துளி மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலந்து இதயம்வரை போகும் என்று அன்றுதான் அறிந்தேன். பிரஷருக்கு ஒரு கிளினிக் கொப்பி, கண்ணுக்கு இன்னொரு கொப்பி. இரண்டையும் ஒருசேர விரித்துப் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை, நாங்கள் உட்பட.

கண்மருந்தை மாற்றினார்கள், குளிசையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். துடிப்பு மெல்ல மெல்ல 60ஐத் தொட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. அந்த வகை மருந்தைத் திடீரென்று விடுவது இதயத்துக்கு ஆபத்து.

விடுதியில் அப்பா பயந்தது, இதயத்தைத் துடிக்கத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கருக்குத்தான். உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட முதல் மனிதர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன் என்றும், 1958இல் 43 வயதில் அதை வைத்துக்கொண்டு 86 வயதுவரை வாழ்ந்தார் என்றும் சொன்னேன். அதன் பிறகுதான் சோறு சாப்பிட்டார். அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. இதயத்தின் மின்னோட்டம் வழியில் தடைப்படுகிறவர்களுக்கு அது உயிர் காக்கும் கருவி.

நீங்கள் கைக்கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். இடையிடையே முந்தி வரும் துடிப்புகளை அது தவறவிட்டு, எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து முழு நிமிடமும் எண்ணுங்கள். ஒரு வாரம் காலையில் எழுதி வையுங்கள், துடிப்பு சீராக வந்ததா, விட்டுவிட்டு வந்ததா என்பதையும் சேர்த்து. சைக்கிள், ஓட்டம் போன்ற பழக்கம் எதுவும் இல்லாதவர் என்றால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், திடீர்த் தடுமாற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கொண்டு இருக்காமல், இலங்கையில் என்றால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள், பணம் எதுவும் இல்லை. தோட்டத்தில் கிருமிநாசினி அடித்த பிறகு துடிப்பு மந்தமாகி, வியர்த்து, வாயில் உமிழ்நீர் ஊறினாலும் அப்படியே.

வைத்தியரிடம் போகும்போது எழுதி வைத்த கணக்கையும், எல்லாக் கிளினிக் கொப்பிகளையும், கண்ணுக்கு மருந்து விடுகிறீர்கள் என்றால் அந்தக் குப்பியையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள்.