ஜமக்காளக் கடையின் கூரியர் தேர்வு குறித்து

வணக்கம். பவானி ஜமக்காளம் விற்கும் உங்கள் தளத்தில், பணம் செலுத்துமிடத்தில் ஆறு கூரியர்களின் பெயர்களைப் பார்த்ததும் வாடிக்கையாளர்கள் விலகிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். பின்கோடை முதலில் கேட்டு, அவ்வூருக்குச் செல்லும் சேவைகளைத் தளமே பின்னணியில் ஒப்பிட்டு, கட்டணம் குறைந்தது ஒன்று, விரைவானது ஒன்று என இரண்டை மட்டும், வந்துசேரும் தேதியோடு காட்டுமாறு அமையுங்கள். குறைந்த கட்டணமே முன்தேர்வாக இருக்கட்டும்.

கட்டணக் கணக்கில்தான் கவனம் அதிகம் வேண்டும். பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் வால்யூமெட்ரிக் எடை, தராசு எடையைவிட அதிகமானால் பல கூரியர்கள் அதற்கே பணம் வாங்கும் என்பதால், 50×40×30 அளவுப் பெட்டி 7 கிலோவே இருந்தாலும் 12 கிலோவாகிவிடும். ஈரோட்டிலிருந்து பெட்ஷீட் அனுப்பும் நானும் இந்த வித்தியாசத்தைக் கைக்காசில் கட்டியவன்தான். ஒவ்வொரு சரக்குக்கும் கட்டிய பெட்டியின் அளவைத் தளத்தில் பதிந்துவையுங்கள்.