கைத்துப்பாக்கியில் எம்ஐஎம் பாகங்கள் இருந்தால் சீக்கிரம் உடைந்துவிடுமா?

ஒழுங்காகச் செய்த பாகம் சீக்கிரம் உடையாது. எம்ஐஎம் (மெட்டல் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்) என்றால், மாவைப்போல நைசான உலோகத்தூளை மெழுகும் பிளாஸ்டிக்கும் சேர்த்துப் பிசைந்து, சூடாக்கி, அச்சுக்குள் அழுத்தி உருவாக்குவது. அப்புறம் மெழுகையும் பிளாஸ்டிக்கையும் நீக்கிவிட்டு, உருகுநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் உலையில் வேகவைப்பார்கள். எஃகு என்றால் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல். தூள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, பாகம் சுமார் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும்.

கோவையில் தடாகம் பக்கம் செங்கல் சூளை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பச்சைக்கல் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். நன்றாக வெந்த கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அரைவேக்காட்டுக் கல் கையிலேயே உதிரும். இங்கேயும் அதே கதைதான். மெழுகு முழுதாகப் போகாவிட்டாலோ, உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்டாலோ, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

சுத்தியல், பாதுகாப்பு விசை போன்ற சின்னப் பாகங்களுக்கு இந்த முறை தாராளமாகப் போதும். சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் காலிக் கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி மட்டும் கொஞ்சம் வேறு. சில துப்பாக்கிகளில் அது வில்லைப்போல ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர வேண்டும்; அங்கே கடைந்தெடுத்த எஃகுதான் என் தேர்வு.

'இது வார்ப்பிரும்பு மாதிரி, கீழே விழுந்தால் நொறுங்கும்' என்பார்கள். நம்மூர் ஃபவுண்டரியில் ஊற்றும் வார்ப்பிரும்பு நொறுங்குவது அதில் கார்பன் அதிகம் இருப்பதால். எம்ஐஎம் பாகமோ எஃகு, அதை யாரும் உருக்கி ஊற்றுவதும் இல்லை.