தபால் வாக்கு: பெயர் தனிக் கட்டாக, வாக்கு தனிக் கட்டாக

தபால் வாக்கு எண்ணும் மேசையில் பல தேர்தல்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: உறுதிமொழிப் படிவத்தில் என் பெயர், கையெழுத்து, வாக்குச்சீட்டின் வரிசை எண் எல்லாமே இருக்கின்றன. பிறகு எங்கே ரகசியம்? (தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியை)

பதில்: நியாயமான சந்தேகம் அம்மா. மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். வெளி உறைக்குள் இரண்டு இருக்கும்: ஒன்று 13ஏ என்ற எண்ணுள்ள உறுதிமொழிப் படிவம், மற்றொன்று வாக்குச்சீட்டை வைத்து ஒட்டிய சிறிய உறை, அதாவது 13பி. முதலில் உறுதிமொழியை மட்டும் பார்ப்போம். வாக்காளரின் கையெழுத்தும், அது அவருடையதே என்று அலுவலர் இடும் சான்றொப்பமும் உள்ளனவா, அதிலுள்ள வரிசை எண்ணும் சிறிய உறையின் மேல் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்ப்போம். சரியென்றால் உறுதிமொழி ஒரு பக்கம், ஒட்டியபடியே உறை மறுபக்கம். எல்லா உறைகளும் இப்படி முடிந்ததும், ஏற்கப்பட்ட உறுதிமொழிகளைத் தனிக் கட்டாகக் கட்டி முத்திரை வைப்போம். அதற்குப் பிறகுதான் முதல் சிறிய உறையையே பிரிக்க வேண்டும். பெயர்கள் அரக்குக்குள் போன பின்பே வாக்குகள் வெளியே வருகின்றன. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. இந்த வரிசை மாறினால் ரகசியம் போயிற்று. வேட்பாளர்கள் சார்பில் மேசையில் இருக்கும் எண்ணும் முகவர்கள் கூட்டலைவிட இதைத்தான் உற்றுக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுத்த பின் அலுவலகத்தில் தங்கும் அடிக்கட்டையை வைத்துப் பின்னால் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

பதில்: அடிக்கட்டையில் உங்கள் வாக்காளர் பட்டியல் எண் இருப்பது உண்மை. அவற்றையும் முத்திரையிட்டுத்தான் வைக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவின்றி முத்திரையிட்ட அந்தக் கட்டினை யாரும் பிரிக்க முடியாது. ரகசியத்தை மீறும் அலுவலருக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

கேள்வி: வாக்குச்சீட்டிலும் கையெழுத்துப் போட வேண்டுமா?

பதில்: கூடவே கூடாது! ஆளை அடையாளம் காட்டும் எந்தக் குறி இருந்தாலும் அந்த வாக்கு செல்லாது.

கேள்வி: பாட்டிக்கு 87 வயது. வீட்டுக்கே வந்து தபால் வாக்கு வாங்கும் தேர்தல் குழு வீடியோ எடுக்கிறதே?

பதில்: 85 வயதைக் கடந்தவர்களுக்கான இந்த வசதியில் வீடியோ எடுப்பது குழுவின் நடவடிக்கைகளைப் பதிவு செய்ய மட்டுமே. பாட்டி யாருக்குக் குறியிடுகிறார் என்பது அதில் பதிவாகக் கூடாது. சீட்டை உறையில் வைத்து ஒட்டும் வரை அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்காதபடி வீட்டார் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தபால் வாக்குகள் ஏன் இவ்வளவு தள்ளுபடி ஆகின்றன?

பதில்: பெரும்பாலும் உறுதிமொழியில்தான் கோளாறு. 2016இல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அங்கே 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டன. சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே தகராறு. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. கடமை செய்யப் போனவர்களின் வாக்கு ஒரு கையெழுத்தில் சிக்கிக் கிடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. தேர்தல் பணிக்குச் செல்வோர் தபால் வாக்கு அளிக்கும் வசதி மையத்திலேயே சான்றொப்பம் இட அலுவலர் இருப்பார். அவர் கையெழுத்து, பதவி, முத்திரை மூன்றும் விழுந்ததைப் பார்த்துவிட்டு உறையை ஒட்டுங்கள்.