அங்கன்வாடி வேலையில் குழந்தைகள் மேலேயே எரிச்சல் வருகிறது. இதிலிருந்து எப்படி மீள்வது?

வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம், அதற்குள் பிள்ளைகள் அழுதால் எரிச்சல் வருகிறது, நான் கெட்டவளா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. ஹெல்பர் இல்லாமல் ஒற்றை ஆளாக மையம் நடத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் குடியாத்தம் பக்கம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மையம் இருக்கும் தெருவில் பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள். இப்போதெல்லாம் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தை ஃபோனில் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். ஒருநாள் உச்சி வெயிலில் டவர் கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு வந்த பெண்ணை வாசலுக்கும் வேப்பமரத்தடிக்குமாக நிற்க வைத்தேன். அவள் விரலிடுக்கில் புகையிலைத் தூள் அப்படியே இருந்தது. "சுத்துனாதான்க்கா கூலி, என்னை விட்டுடு" என்று அழுதேவிட்டாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "நேரா பாரு" என்றேன், அவ்வளவுதான். அன்று ராத்திரி அதை நினைத்தபோதுதான் பயம் வந்தது.

மனிதர்களோடு புழங்கும் வேலைகளில் வரும் சோர்வை அளக்க, கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-லேயே மூன்று அடையாளங்களை எடுத்துக்கொண்டார்: மனம் வற்றிப்போவது, எதிரில் நிற்பவர் மனுஷராகவே தெரியாமல் போவது, என்ன செய்து என்ன பயன் என்ற எண்ணம். எனக்கு மூன்றும் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிட நெருக்கடி நாள்பட்டும் தீராமல் போவதால் வருவது என்கிறது.

அதனால்தான் யோகா செய், பாட்டுக் கேள் என்று மட்டும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. யோகா வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சமையல், எடை பார்ப்பது, வீடு வீடாகப் போவது, பதிவு ஏற்றுவது எல்லாம் ஒருத்தி தலையில் இருந்தால், மூச்சுப் பயிற்சி அதில் எதைக் குறைக்கும்?

எனக்கு உதவியது பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர்கள்தான். செக்டார் மீட்டிங் (சுற்றுவட்டார மையங்களுக்கான கூட்டம்) முடிந்ததும் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்காருவோம். பதிவு, கணக்கு பேச மாட்டோம். எந்தக் குழந்தை எடை ஏறாமல் மனசை அரிக்கிறது என்பதைத்தான் பேசுவோம். அப்புறம் காலியாகக் கிடந்த ஹெல்பர் பணியிடத்துக்காக எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். தனியாகப் போனபோது "உனக்கு மட்டும்தான் கஷ்டமா?" என்று கேட்ட அதிகாரிகளே, சேர்ந்து போனபோது உட்கார வைத்துக் கேட்டார்கள். பக்கத்து மையத்து ஹெல்பரை வாரத்தில் சில நாள் அனுப்பினார்கள். அந்த நாட்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்ல முடிந்தது. எரிச்சல் தானாகக் குறைந்தது.

   

சரி, உங்கள் விஷயம். தூக்கமே வரவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்ற அளவுக்குப் போயிருந்தால் மனு, மீட்டிங் எல்லாம் அப்புறம். வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு ஃபோன் செய்யுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.